புரட்டாசியில் ஜப்பான் சிறு கப்பல் பயணம் சரிவருமா?

மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறேன். அப்பா, அம்மாவோடு ஹிரோஷிமா, மியாஜிமா, ஓனோமிச்சி பக்கம் சிறு கப்பலில் போக எண்ணம். புரட்டாசி என்றால் வீட்டில் சைவம்தான். அம்மாவுக்கு முட்டிவலி வேறு. எப்போது போகலாம்?

பதில் 1:
புரட்டாசி வேண்டாம் தம்பி. செப்டம்பர், அக்டோபரில் புயல் வரும், கப்பல் துறைமுகத்தையே மாற்றிவிடும். ஏப்ரல், மே நல்லது. நீங்கள் சொல்லும் ஊர்கள் இருக்கும் செத்தோ உள்கடலில் தீவுகள் அலையை மறிப்பதால் ஆட்டம் குறைவு. குளிர்காலத்தில் மேற்குக் கரையில் உள்ள கனஸாவா பக்கக் கடல் கொந்தளிக்கும், அந்த வழியை எடுக்காதீர்கள்.

மியாஜிமாவில் கடலுக்குள் நிற்கும் தோரி என்ற கோயில் வாசலைப் பார்க்க அலை அட்டவணை பாருங்கள். நீர்மட்டம் 250 செ.மீ.க்கு மேல் இருந்தால் மிதப்பதுபோல் தெரியும், 100க்குக் கீழே இறங்கினால் அடிவரை நடக்கலாம். ஓனோமிச்சியில் படிகள் அதிகம். செங்கோஜி மலைக்கு ரோப்வேயில் ஏற்றிவிடுங்கள், அம்மாவுக்கு அதுதான் சுகம்.

பதில் 2:
சைவத்துக்கு "இறைச்சி வேண்டாம்" என்பது போதாது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடல்ஸ் சாறு எல்லாவற்றிலும் 'தாஷி' என்ற அடிப்படைச் சாறு இருக்கும். பெரும்பாலும் அது காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்தது. 'கொம்பு' கடற்பாசித் தாஷி மட்டும் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். சிறு கப்பல் சமையலறையில் கையிருப்பு குறைவு, ஏறிய பிறகு கேட்டால் சோறும் ஊறுகாயும்தான். கரையில் 'ஷோஜின் ரியோரி' என்ற புத்த மடத்துச் சாப்பாட்டைத் தேடுங்கள்.

பதில் 3:
சளி மாத்திரையைக் கவனியுங்கள். அதில் மூக்கடைப்பு மருந்தான சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. கரையில் தங்கினால் மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். நம் மூன்று கால் பிளக் நுழையாது.