“ஒரு வரியும் வரவில்லை”: டி.என்.ஏ தரவில் மாற்றம் தேடி ஏமாந்த கதைகள்

கிளிநொச்சியிலிருந்து:
முதலில் என் கதை. கம்பஸ் இறுதி வருட ஆய்வுக்கு, உலகின் பல இன மக்களின் டி.என்.ஏ.யைப் படித்துப் பொதுவில் வைத்திருக்கும் 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவை எடுத்தேன். அதில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் என்று ஒரு குழுவே உண்டு. நம்மட ஆக்கள் என்ற ஆசைதான். ஒருவரின் முழுக் கோப்பு பல ஜிகாபைட்; டேட்டா காட் போட்டு இறக்கிக் கட்டாது. நல்ல காலம், எந்த இடம் கோப்பில் எங்கே என்று சொல்லும் சுட்டிக் கோப்பு (இண்டெக்ஸ்) இருந்தால் சாம்டூல்ஸ் என்ற மென்பொருள் வேண்டிய பகுதியை மட்டும் இழுத்துத் தரும்.

தேடியது அல்பா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்; அதற்குரிய அல்பா குளோபின் ஜீன்கள் இருப்பது 16ஆம் நிறமூர்த்தம். டி.என்.ஏ எழுத்து மாற்றங்களைக் கண்டுபிடித்து, மாற்றத்துக்கு ஒரு வரியாக எழுதித் தரும் ஹாப்லோடைப்காலர் என்ற மென்பொருளை ஓட்டினேன். இரண்டு அல்பா குளோபின் ஜீனிலும் ஒரு வரியும் வரவில்லை. “மாற்றம் இல்லை” என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். சேர் கேட்டார்: “ஐ.ஜி.வி.யில் (தரவைப் படமாகக் காட்டும் மென்பொருள்) திறந்து பார்த்தீரா பிள்ளை?”

திறந்தால், அந்த இடத்தில் இயந்திரம் வாசித்த டி.என்.ஏ துண்டுகள் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. இரண்டு ஜீனும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. 150 எழுத்துத் துண்டு எதற்குரியது என்று தெரியாமல் துண்டுகளை இடத்தில் பொருத்தும் மென்பொருள் பொருத்தல் தரம் 0 போட்டுவிடும்; வெள்ளை என்றால் அதுதான். 0 என்றால் ஹாப்லோடைப்காலர் கணக்கிலேயே எடுக்காது. அது படிக்கவே இல்லை. நான்தான் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறேன்!

அதுவும் தேடவேண்டியது எழுத்து மாற்றமில்லை, 3.7 கிலோபேஸ் (சுமார் 3,700 எழுத்து) நீளப் பகுதி ஒன்று காணாமல் போவது. இரண்டு ஜீனிலும் விழுந்த துண்டுகளைச் சேர்த்து எண்ணிப் பக்கத்து இடங்களோடு ஒப்பிட்டேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இரண்டிரண்டாக வரும் நான்கு பிரதிக்குப் பதில் மூன்று இருப்பவரிடம் எண்ணிக்கை கால்வாசி குறையும். ஹாப்லோடைப்காலர் இதைச் சொல்லாது.

முல்லைத்தீவிலிருந்து:
அக்கா, என்னுடையது இன்னும் வெட்கக்கேடு. ஏ.எல். உயிரியலில் படித்த அரிவாள்கல விகாரத்தை வைத்துப் பழகுவோம் என்று நைஜீரிய யொரூபா மாதிரிகளை எடுத்தேன். 11ஆம் நிறமூர்த்தத்தில் 5,248,232ஆம் இடம். அந்தக் குழுவில் பலரிடம் இருக்கவேண்டிய மாற்றம், ஒருவரிடமும் இல்லை. இரண்டு நாள் மென்பொருளைத் திட்டினேன். அப்புறம் பார்த்தால் அது, இடங்களுக்கு இலக்கம் போடப் பயன்படும் மனித மாதிரி ஜீனோமின் பழைய 37ஆம் பதிப்பின் இலக்கம்; என் கோப்பு 38ஆம் பதிப்பு. அதில் இடம் 5,227,002. அங்கே போனதும் வரிசையாக வந்தார்கள்.

கிளிநொச்சியிலிருந்து:
தம்பி, கோப்பின் தலைப்பில் 11ஆம் நிறமூர்த்தத்தின் நீளத்தைப் பாரும். 135,006,516 என்றால் 37, 135,086,622 என்றால் 38. நான் இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.