கலைச்சொல் உதவி: 'சில் அவர்ஸ்', வெள்ளிக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

உறைபனி விழும் மத்தியதரைக்கடல் காலநிலையில் வீட்டுப் பழத்தோட்டம் போடுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'சில் அவர்ஸ்' மட்டும் படுத்துகிறது. இலையுதிர்த்த மரத்தின் மொட்டு உறக்கம் கலைய, ஏறக்குறைய 0 முதல் 7 பாகை செல்சியசுக்குள் இத்தனை மணிநேரம் குளிர் சேர வேண்டும் என்ற கணக்கு அது. ஆப்பிளில் பல வகைகள் 800-க்கு மேல் கேட்கும். அத்திக்கு நூறு, இருநூறு போதும். 'குளிர்நேரம்' என்று போட்டேன். படித்துப் பார்த்தவர், "விடியற்காலையா?" என்கிறார்.

> 'குளிர்நேரம்' என்று போட்டேன்

நம்மிடம் 'கூதிர்' இருக்கும்போது என்ன பஞ்சம்? கூதிர்மணி. கூதல், கூதிர், கூதாளிப்பூ எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. 'கூ' என்பது உடல் கூசி ஒடுங்குவதைக் குறிக்கும். விரிவாகப் பிறகு எழுதுகிறேன். மேலும், 'மத்திய' வடசொல். நண்ணிலக்கடல் என்று திருத்துக.

> கூதிர்மணி

ஐயா, கூதிர் ஐப்பசி, கார்த்திகை. இந்த மரங்கள் குளிரை எண்ணுவது பெரும்பாலும் அதற்கப்புறம், முன்பனியிலும் பின்பனியிலும். கூதல் என்றால் போர்வையைத் தேடுவார்கள். கூதிர் என்றால் அகராதியைத் தேடுவார்கள். 'பனிமணி' எளிது, அழகும்கூட.

> பனிமணி

அழகுதான், ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். எளிய கணக்கில் உறைநிலைக்குக் கீழே போன நேரம் சேரவே சேராது. பனி தனிச் சங்கதி. பூ விரிந்த பிறகு மைனஸ் 2, 3 பாகைக்கு இறங்கினாலே கருக ஆரம்பிக்கும். பாதாமைப் பாருங்கள்: குளிர்த்தேவை குறைவு, அதனால் முந்தி விழித்துப் பூத்து, கடைசி உறைபனியிடம் மாட்டிக்கொள்ளும். 'பனிமணி நிறைய வேண்டும்' என்று எழுதினால், வாசகர் குளிர்காற்று இறங்கித் தேங்கும் பள்ளமாகப் பார்த்துக் கன்றை நடுவார். மேட்டுச் சரிவில் நட வேண்டியவர்!

> உறைபனி

இடையில் ஓர் ஐயம். பால் உறைவதும் பனி உறைவதும் ஒன்று. உறைவிடத்தில் உள்ள உறை? தங்கி நிற்பதால்தானே கெட்டியாகிறது? அப்படியானால் அந்தப் பள்ளத்தையே 'பனியுறை' எனலாம். வாளின் உறையையும் இங்கே கருத...

> வாளின் உறையையும்

வெள்ளிக்கிழமை, ஐயா.

> வெள்ளிக்கிழமை

நன்றி. இதுவரை நால்வர் 'குளிர்மணி' என்கிறார்கள். எனக்கு அது யாரோ ஒரு அக்காவின் பெயர் போலக் கேட்கிறது. ஆகவே மரம் கேட்பது 'குளிர்த்தேவை', இடம் கொடுப்பது 'குளிர் மணிநேரம்' என்று பிரித்துவிட்டேன். 'இந்த வகையின் குளிர்த்தேவை 300 மணிநேரம்' என்று எழுதினால் யாரும் விடியற்காலையா என்று கேட்கவில்லை. நீளம்தான்; அட்டவணைத் தலைப்பில் இரண்டு வரியாக மடிகிறது. போகட்டும்.

> போகட்டும்

போகட்டும் என்று விட்டுவிட்டுத்தான் இந்த நிலை. கூதிர்மணியை என் தொகுப்பில் சேர்த்துவிட்டேன். நண்ணிலக்கடலுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.