கடலூர்–புதுச்சேரி பயணத் தேர்வு மாடல்: நேரத்தின் கெழு பிளஸ்ஸில் வருகிறது, எங்கே தவறு?

முள்ளோடை எழுதியது:

வணக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் தினமும் போய்வருபவர்கள் பஸ், டூவீலர், கார் மூன்றில் எதை எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று மல்டிநாமியல் லாஜிட் மாடல் (பல வாய்ப்புகளில் ஒவ்வொன்றையும் தேர்வதற்கான நிகழ்தகவைக் கணக்கிடுவது) போடுகிறேன். கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் கன்னியக்கோவில் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளிலும் நிரப்பிய படிவம் சுமார் 300 இருக்கிறது. பஸ் நேரம் அவரவர் சொன்னது. டூவீலர், கார் நேரம் கூகுள் மேப்ஸில் எடுத்தது. பயோஜீம் என்ற தேர்வு மாடல் மென்பொருளில் ஓட்டினால் செலவின் கெழு (செலவு கூடினால் விருப்பம் எவ்வளவு மாறும் என்ற எண்) மைனஸில் ஒழுங்காக வருகிறது. நேரத்தின் கெழு மட்டும் +0.018. பயணம் இழுக்க இழுக்க ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று அர்த்தமாகிறது, நம்ப முடியவில்லை. அடுத்து 14 நாள் ரியல்டைம் போக்குவரத்து டேட்டா எடுத்து நேரத்தைத் திருத்தலாம் என்று இருக்கிறேன். எங்கே, எதை அளக்க வேண்டும்? இருக்கிற படிவங்களைக் காப்பாற்ற முடியுமா?

லாக்சம் எழுதியது:

காப்பாற்றலாம். முதல் கோளாறு, நேரத்தை இரண்டு அளவுகோலில் அளந்தது. பஸ்ஸில் வருபவரைக் கேட்டால் "முக்கால் மணி", "ஒரு மணி" என்று 15-இன் மடங்கில்தான் பதில் வரும். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து சொல்கிறாரா, பஸ் நகர்ந்ததிலிருந்து சொல்கிறாரா என்பதும் தெரியாது. கூகுள் தருவதோ ஓடும் நேரம் மட்டும். பஸ்காரர் தானே தேர்ந்ததற்கு நீளமான நேரம், தேராததற்குக் குட்டையான நேரம் என்று உங்கள் டேபிளில் உட்கார்ந்திருக்கும். கெழு பிளஸ்ஸுக்குத் திரும்ப அதுவே போதும். தேர்ந்தது, தேராதது எல்லாவற்றுக்கும் ஒரே வகையில், வாசல் முதல் வாசல் வரை நேரம் கட்டுங்கள்: நடை, காத்திருப்பு, ஓட்டம் மூன்றும் தனித்தனிப் பத்தியாக.

இரண்டாவது, டூவீலரோ லைசென்ஸோ இல்லாதவருக்கு டூவீலரை ஒரு வாய்ப்பாகக் கொடுத்திருக்கிறீர்களா? அவருக்கு அந்த வாய்ப்பின் அவைலபிலிட்டி (கிடைக்கிறதா என்பதற்கான 0/1 பத்தி) 0 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 நிமிடத்தில் போகும் வண்டியை விட்டு 60 நிமிட பஸ்ஸை விரும்பி ஏறினார் என்று மாடல் படித்துக்கொள்ளும். கெழுவை முதலில் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். படிவத்தில் "வீட்டில் எத்தனை வண்டி" என்பதோடு "காலையில் உங்கள் கைக்கு வருகிறதா" என்றும் கேட்டிருக்க வேண்டும். வண்டி இருக்கும், அண்ணன் எடுத்துப் போயிருப்பார்.

மூன்றாவது, சாம்பிள் எடுத்த இடம். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ்காரர்தான் கிடைப்பார், பங்க்கில் நின்றால் வண்டிக்காரர். இது தேர்வை வைத்தே எடுத்த சாம்பிள். மான்ஸ்கியும் லெர்மனும் 1977-இல் கொடுத்த எடையைப் போடுங்கள்: நிஜப் பங்கை சாம்பிள் பங்கால் வகுத்தால் எடை. படிவத்தில் பஸ் 60%, டூவீலர் 30%, கார் 10%. ரோட்டில் எண்ணினால் 40, 50, 10 என்று வைத்துக்கொள்வோம். எடை 0.67, 1.67, 1. சாதாரண லாஜிட் என்றால் எடை போடாமலே ஓட்டி, ஒவ்வொரு வாய்ப்பின் மாறிலியிலிருந்தும் (சாம்பிள் பங்கு ÷ நிஜப் பங்கு) என்பதன் இயல் லாக்கைக் கழித்தாலும் போதும் (பஸ்ஸுக்கு 0.405, டூவீலருக்கு −0.511). நெஸ்டட் லாஜிட்டுக்கு (ஒத்த வாய்ப்புகளை ஒரு கூட்டில் அடைக்கும் மாடல்) இந்தக் குறுக்குவழி செல்லாது, எடைதான்.

நெஸ்டட் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு தமிழ்நாடு அரசு பஸ், புதுச்சேரி அரசு பஸ், தனியார் பஸ் என்று மூன்றாகப் பிரிக்க ஆசை வரும். சாதாரண லாஜிட்டில் மூன்றாவது பஸ்ஸைச் சேர்த்ததும் டூவீலர்காரர்களும் அதே விகிதத்தில் அந்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். சிவப்பு பஸ், நீல பஸ் என்று மெக்ஃபேடன் விளக்கிய சிக்கல் இதுதான் (2000-இல் பொருளாதார நோபல் பெற்றவர்). பஸ் மூன்றையும் ஒரே கூட்டில் போடுங்கள். கூட்டின் லாக்சம் கெழு (கூட்டுக்குள் இருப்பவை எவ்வளவு ஒத்தவை என்று காட்டும் எண்) 0-க்கும் 1-க்கும் நடுவில் விழ வேண்டும். 1-ஐத் தாண்டினால் கூடு தப்பு, அல்லது டேட்டா தப்பு.

சுண்ணாம்பாறு எழுதியது:

அளக்கும் வேலையை மட்டும் சொல்கிறேன்.

ரோட்டை நான்காக வெட்டுங்கள்: கடலூர் பஸ் ஸ்டாண்ட்–முள்ளோடை, முள்ளோடை–தவளக்குப்பம், தவளக்குப்பம்–முருங்கப்பாக்கம், முருங்கப்பாக்கம்–புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட். முழு ரோட்டுக்கு ஒரே நேரம் எடுத்தால் மரப்பாலம், முதலியார்பேட்டை நெரிசல் மற்ற கிலோமீட்டர்களில் கரைந்து காணாமல் போய்விடும். 4 துண்டு, 2 திசை, மணிக்கு 6 முறை, காலை 6 முதல் இரவு 9 வரை: ஒரு வாகன வகைக்குக் கூகுளிடம் ஒரு நாளுக்கு 720 வினவல், 14 நாளுக்கு 10,080. புறப்படும் நேரத்தை "இப்போது" என்று கொடுத்தால்தான் அப்போதைய நெரிசலோடு நேரம் வரும். டூவீலருக்குத் தனி முறை இருக்கிறது, அதையே கேளுங்கள். கார் நேரத்தை டூவீலருக்குப் போடவே கூடாது, சிக்னலில் வண்டி சந்து பிடித்து முன்னால் போய்விடும். கூகுள் தரும் எண்களைச் சேமித்து வைப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, விதிமுறையைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பஸ் நேரத்துக்குக் கூகுள் ஆகாது. ஜிபிஎஸ் போட்ட போனோடு ஒருவர் பஸ்ஸில் ஏறியே வர வேண்டும், 5 நொடிக்கு ஒரு புள்ளி. காத்திருப்பு நேரத்துக்கு நிறுத்தத்தில் நின்று ஒவ்வொரு பஸ்ஸும் வந்த மணியை எழுதுங்கள். இடைவெளியில் பாதி என்று போட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. இரண்டு பஸ் போட்டி போட்டுக்கொண்டு ஒட்டி வரும், அப்புறம் ஒன்றும் வராது. 2, 18, 2, 18 நிமிடம் என்று வந்தால் சராசரி இடைவெளி 10, காத்திருப்பு 5 அல்ல, 8.2. கணக்கு: இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, இடைவெளிகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும், 2, 18 என்ற ஒரு ஜோடிக்கு 328 ÷ 40.

எண்ணிக்கைக்கு ஆற்றுப் பாலத்தைப் பிடியுங்கள். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தை ஒட்டி நின்றால் சந்துபொந்தில் திரும்பித் தப்புபவர் இல்லை. பாகூர், வில்லியனூர் வழியாகச் சுற்றுபவர் மட்டும் விட்டுப்போவார். கேமரா 6–8 மீட்டர் உயரம், 1080பி, நொடிக்கு 25 பிரேம், நொடிக்கு 4 மெகாபிட் வேகம். மணிக்கு 1.8 ஜிபி, 15 மணி நேரத்துக்கு 27 ஜிபி ஆகும். எண்ணும் கோட்டை வண்டி சீராக ஓடும் இடத்தில் போடுங்கள். நின்று நகரும் இடத்தில் போட்டால் ஒரே வண்டி இரண்டு முறை எண்ணப்படும். பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் ஒட்டி வரும் டூவீலர் மறைந்துவிடும், கேமரா தாழ்வாக இருந்தால் இது ரொம்ப அதிகம். கோகோ என்ற பொதுப் படத் தொகுப்பில் பழகிய யோலோவுக்கு (படத்தில் வண்டியைக் கண்டறியும் மென்பொருள்) ஆட்டோ என்ற வகையே கிடையாது. ஆட்டோவையும் டெம்போவையும் கார் என்றோ லாரி என்றோ சொல்லும். சொந்தமாகப் படம் குறித்துப் பழக்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட வீடியோவைக் கண்ணால் எண்ணி ஒத்துப்பாருங்கள், இருட்டிய பிறகு கட்டாயம்.

முக்கியமாக, பிசியு-வில் (ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற அளவு) மாற்றாதீர்கள். இந்திய சாலை காங்கிரஸின் ஐஆர்சி 106 (1990) டூவீலருக்கு 0.5 அல்லது 0.75 தருகிறது. வேகத்தையும் வண்டி அடைக்கும் பரப்பையும் (சதுர மீட்டரில்) வைத்து, கார் 40, டூவீலர் 38 கிமீ என்று போட்டால் (40/38) ÷ (5.36/1.20) = 0.24 வருகிறது. எது சரி என்ற சண்டை நெரிசல் கணக்குக்குரியது. உங்களுக்கு வேண்டியது ஆட்கள். டூவீலரில் ஒருவரா இருவரா, பஸ்ஸில் பாதி சீட்டா, முழு சீட்டா, நிற்கிறார்களா, படிக்கட்டு வரையா என்று ஒருவர் நின்று குறிக்க வேண்டும்.

இது தேசிய நெடுஞ்சாலை 32. சிதம்பரம், நாகப்பட்டினம் போகும் வண்டியும் உங்கள் எண்ணிக்கையில் கலக்கும். முள்ளோடை, முருங்கப்பாக்கம் இரண்டிலும் நம்பர் பிளேட்டைப் பதிந்து டிஎன் 31, பிஒய் 01 வண்டிகளைப் பொருத்தினால் ஓரளவு பிரிக்கலாம், நேரமும் கூடவே கிடைக்கும். பொருத்தியதும் நம்பர்களை அழித்துவிடுங்கள். போனின் வைஃபை முகவரியை வைத்து வண்டியைப் பொருத்தும் சென்சாரை நம்பாதீர்கள், இப்போதைய போன்கள் அந்த முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும்.

முள்ளோடை எழுதியது:

தெளிவாகிவிட்டது, நன்றி. ஒரு சந்தேகம்: படிவம் நிரப்பிய அன்று அந்த மணியில் இருந்த ரியல்டைம் நேரத்தை அவருக்குப் போடவா, 14 நாள் சராசரியா?

லாக்சம் எழுதியது:

அன்றைய நேரம் வேண்டாம். மரப்பாலத்தில் இன்றைக்கு எவ்வளவு நிற்கும் என்று தெரிந்துகொண்டு யாரும் செருப்பு மாட்டுவதில்லை, வழக்கமாக எவ்வளவு ஆகும் என்ற நினைப்பில் கிளம்புகிறார். அவர் கிளம்பும் அரைமணிக்குரிய 14 நாள் நேரங்களை வரிசைப்படுத்தி, நடு மதிப்பை நேரமாகவும், 90-ஆவது சதமானத்துக்கும் நடு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பகமின்மையாகவும் போடுங்கள். முகூர்த்த நாள், திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சிறப்பு பஸ் விடும் பௌர்ணமி, சனி, ஞாயிறு இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அட்டைக்கேள்வி எழுதியது:

நேரத்தை எவ்வளவு திருத்தினாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். ஒரே ரோடு; தூரம் கூடினால் நேரமும் செலவும் சேர்ந்தே கூடும், இரண்டையும் பிரித்தறிய மாடல் திணறும். அதே ஆட்களிடம் ஸ்டேட்டட் பிரிபரன்ஸ் அட்டை (கற்பனை நேரம், செலவைக் காட்டி எதைத் தேர்வீர்கள் என்று கேட்பது) கொடுங்கள்: ஆளுக்கு 8 அட்டை, ஒவ்வொன்றிலும் பஸ், டூவீலர், கார் மூன்று வாய்ப்பு; நேரம், செலவு, காத்திருப்பு ஒவ்வொன்றுக்கும் 3 அளவு. எத்தனை பேர் வேண்டும் என்பதற்கான ஓர்மின் விதிப்படி 500 × அளவு ÷ (அட்டை × வாய்ப்பு), அதாவது 500 × 3 ÷ (8 × 3), குறைந்தது 63 பேர். நான் 150-க்குக் கீழே இறங்கமாட்டேன், ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்க வேண்டி வரும். பழைய படிவத்தோடு சேர்த்து ஓட்டும்போது இரண்டு டேட்டாவுக்கும் ஒரு ஸ்கேல் கெழு (இரண்டிலும் பிழையின் அளவு வேறு என்பதைச் சரிக்கட்டும் எண்) வையுங்கள்.

செலவிலும் கவனம். கன்னியக்கோவில் பங்க்கில் போடுபவருக்கு அந்த விலை, கடலூரில் போடுபவருக்குக் கடலூர் விலை. புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு. கடலூரில் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரும் துண்டுக்கு எந்த வண்டியில் ஏறினார் என்று கேட்டு, அதற்கேற்ப 0 போடுங்கள்.

கடைசியில் நேரக் கெழுவைச் செலவுக் கெழுவால் வகுத்துப் பாருங்கள். −0.04 ÷ −0.03 என்றால் நிமிடத்துக்கு 1.33, மணிக்கு 80 ரூபாய். மாதம் 20,000 வாங்கி 200 மணி நேரம் உழைப்பவருக்கு மணிக்கூலி 100. வேலைக்குப் போகும் பயணத்தின் நேர மதிப்பு பொதுவாகக் கூலியைவிடக் குறைவாகவே வரும். உங்களுக்கு 150, 200 என்று வந்தால் அவைலபிலிட்டி பத்தியை மறுபடி திறந்து பாருங்கள்.