வெசல் முன் ரயர் உட்பக்கம் தேயுது: எதைப் போடுறது, ரண்டோ நாலோ?

கேள்வி (கிளிநொச்சி)
ஹொண்டா வெசல், முன்சில்லு இழுவை, ரயர் அளவு 215/60 ஆர்16. பாதி ஓட்டம் ஏ9 தார் றோட்டு, மிச்சம் துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் றோட்டு. முன் ரயர் ரண்டும் உள் ஓரம் மொட்டை, நடுவில தவாளிப்பு இன்னும் இருக்கு. பின்னுக்கு அரைவாசி. 80க்கு மேல ஸ்ரியறிங் நடுங்குது. பக்கச்சுவர் கொஞ்சம் உயர்ந்த 215/65 போட்டா அடி தட்டாது எண்டு கடையில சொல்லுகினம். ஏ.ரி. ரயர் (தார், மண் ரண்டுக்குமான கரடு ரகம்) நல்லமோ? ரண்டு காணுமோ?

மறுமொழி (வவுனியா)
அண்ணை, ரயர் வேண்ட முதல் தேஞ்ச காரணத்தைப் பிடியுங்கோ. இல்லாட்டிப் புதுசும் அப்பிடித்தான் போகும்.

உள்ளங்கையை ரயருக்குக் குறுக்கால ரண்டு பக்கமும் தடவிப் பாருங்கோ. ஒரு பக்கம் வழுக்கி, திரும்பி வரேக்க வாள்பல்லு மாதிரிக் கையில தட்டினா ரோ, அதாவது சில்லு நேரா முன்னுக்குப் பாக்கிற கோணம், பிழை; சில்லு ரண்டும் முன்னுக்கு விரிஞ்சு நிக்குது. பல்லில்லாமல் சீராத் தேஞ்சிருந்தா கம்பர், அதாவது சில்லு மேல்பக்கம் உள்ளுக்குச் சாஞ்சு நிக்குது. ஸ்பிறிங் பதிஞ்சிருக்கோ, லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிச்சிருக்கிற கீழ்க்கையின்ர றப்பர்) வெடிச்சிருக்கோ எண்டு பார்க்க வேணும்.

பிறகு ஜக் அடிச்சுத் தூக்கி, ஸ்ராண்டில நிப்பாட்டிப்போட்டு சில்லை ஆட்டுங்கோ. இடம் வலமாப் பிடிச்சு ஆட்டேக்க ஆடினா ரை றொட் என்ட், ஸ்ரியறிங்கைச் சில்லோட இணைக்கிற மூட்டு. மேல கீழ ஆடினா போல் ஜொயின்ற் அல்லது பெயறிங். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மன்ட் (சில்லுக் கோணம் சரிபாக்கிறது) செய்து பிரயோசனமில்லை, கிரவலில ரண்டு நாள் ஓட மாறிப்போடும். பழுதை மாத்தி, ரயரைப் போட்டு, கடைசியில அலைன்மன்ட். இந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ.

நடுக்கத்துக்கு முதல்ல றிம்மின்ர உள்பக்கத்தைக் கழுவுங்கோ. கிரவல் சேறு உள்ள காஞ்சு ஒட்டினா பலன்ஸ் போயிடும். கழுவாமல் பலன்ஸுக்கு ஈயம் குத்தினா, அந்தச் சேறு உதிர்ந்த அண்டைக்குத் திரும்ப நடுங்கும்.

மறுமொழி (முல்லைத்தீவு)
215/60 ஆர்16 மொத்த உயரம் 664 மி.மீ., 215/65 எண்டா 686. வண்டி உயருறது அதில அரைவாசி, 11 மி.மீ. தான். அதுக்காக மீற்றர் 60 காட்டேக்க உண்மையில 62 ஓடும். ஆள் ஏத்தி முழுசா வெட்டித் திருப்பேக்க மட்காட் லைனரில உரசவும் கூடும். அதே அளவில நில்லுங்கோ.

ஏ.ரி. உங்களுக்கு வேண்டாம். இரைச்சல், எண்ணெய் கூடக் குடிக்கும், மாரியில ஈரமான ஏ9இல பிறேக் தூரமும் கூடும். கல்லு வெட்டுறது பக்கச்சுவரை. அதால எச்.ரி. எண்ட தார் றோட்டு ரகத்தில பக்கச்சுவர் தடிச்சதாத் தேடுங்கோ. பாரச் சுட்டெண் 95க்குக் குறையக் கூடாது; ஒரு ரயருக்கு 690 கிலோ எண்டு அர்த்தம்.

ரண்டு எண்டா புதுசு பின்னுக்கு, பின்னுக்கு இருந்த அரைவாசி முன்னுக்கு. கனபேர் மாறிச் செய்யினம். வெள்ளத்தில முன் வழுக்கினா கால் எடுக்க வண்டி பிடிக்கும். பின் வழுக்கினா சுத்திப்போடும்.

கேள்வி (கிளிநொச்சி)
நன்றி. ரை றொட் என்ட் ஒருபக்கம் ஆடுது, மாத்துறன். மலிவா ஒரு சோடி இருக்கு, 0819 எண்டு குத்தியிருக்கு. பாவிக்காதது. எடுக்கலாமோ?

மறுமொழி (வவுனியா)
2019ஆம் ஆண்டு 8ஆம் கிழமை செய்தது. ஓடாட்டியும் றப்பர் இறுகும், எங்கட வெயிலில இன்னும் கெதியா. விடுங்கோ.

மறுமொழி (முல்லைத்தீவு)
பூட்டேக்க நட்டைக் கவனியுங்கோ. நட்டு றிம்மில பதியிற முகம் ஹொண்டா கொம்பனி றிம்முக்கு உருண்டை, வெளி றிம்முக்குக் கூம்பு. மாறிப் போட்டா எவ்வளவு இறுக்கினாலும் கழரும். நட்சத்திர ஒழுங்கில, ரோர்க் ஸ்பானராலை 108 நியூட்டன் மீற்றர்; 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடினாப்பிறகு திரும்பப் பாருங்கோ. காத்து, சாரதிக் கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவு, காலமை ஓட முதல். ஓடிச் சூடான ரயரில கூடக் காட்டுதெண்டு திறந்து விடாதேங்கோ.