நம்ம சந்து 🏠 (வியாசர்பாடி): சேகர் மாமா பந்தயம் கட்டிய கதை

*17 டிசம்பர் 2022, சனி, மாலை 6:40*

கார்த்தி: நாளைக்கு ஃபுட்பால் உலகக் கோப்பை ஃபைனல், அர்ஜென்டினா - பிரான்ஸ். யாரு எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுங்க. மேட்ச் முடிஞ்சப்புறம் "நான் அப்பவே சொன்னேன்"னு ஒருத்தரும் வரக்கூடாது

டில்லி: அர்ஜென்டினா. இதுல என்ன கேள்வி

ஜாஃபர் பாய்: என்னைக் கேக்காதீங்கப்பா. பிரேசில் போன அன்னிக்கே என் உலகக் கோப்பை முடிஞ்சிடுச்சு

கார்த்தி: பாய் வீட்டு மாடியில இன்னும் மஞ்சக் கொடி பறக்குதே

ஜாஃபர் பாய்: மாண்டஸ் புயல்ல பாதி கிழிஞ்சு போச்சுடா. மீதி பாதி பறக்குது. அதே ராத்திரிதான் குரோஷியாகிட்ட பெனால்டில கவுந்தோம். வெளிய அடிச்ச காத்து பெருசா, உள்ள அடிச்சது பெருசான்னே தெரியல

டில்லி: அன்னிக்கு நான் கரண்ட் இல்லாம 4 பர்சன்ட் சார்ஜ்ல நெதர்லாந்து மேட்ச் பெனால்டி பாத்தேன். லாவ்டாரோ கடைசி பந்து அடிச்சான், உள்ள போச்சு, போனும் செத்துச்சு

சேகர் மாமா: அனைவருக்கும் மாலை வணக்கம். பிரான்ஸ் வெல்லும்.

கார்த்தி: மாமா நீங்களா? சவுதிகிட்ட அர்ஜென்டினா தோத்த அன்னிக்கு எனக்கு போன் பண்ணி அழுதது யாரு

சேகர் மாமா: அது வேறு விஷயம். என் வீட்டம்மா ஊர் பாண்டிச்சேரி. அவங்க பெரியப்பாவுக்கு பிரெஞ்சு பென்ஷன் வந்துகிட்டிருந்தது. அந்த உப்பைத் தின்னவன் நான். ஐசிஎஃப் ரயில்பெட்டி ஃபேக்டரில முப்பது வருஷம் வேலை பாத்தவன் விசுவாசம் மாறமாட்டான்.

வசந்தா அத்தை: அந்த பென்ஷன்ல எங்க பெரியப்பா ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல இவருக்கு

ஸ்டெல்லா அக்கா: என்ன பந்தயம்? காசு கீசுன்னு பேச்சு வந்தா அட்மின் நான், குரூப்லேந்து தூக்கிடுவேன். போன உலகக் கோப்பைல ஐநூறு ரூபாய்க்கு ரெண்டு வருஷம் பேசாம இருந்த ஆளுங்க இந்த சந்துல இருக்காங்க

ஜாஃபர் பாய்: நான் பேசிட்டேன்மா இப்போ

சேகர் மாமா: காசு வேண்டாம். கப்பை எவன் தூக்குறானோ அவன் பக்கம் ஜெயிச்ச கணக்கு. பிரான்ஸ் தோத்தா என் கையால இந்த சந்துக்கே வஞ்சிரம் குழம்பு வைக்கிறேன். வசந்தா கிட்ட வரக்கூடாது. இது சேகர் வாக்கு.

கார்த்தி: ↩ *சேகர் மாமா: "காசு வேண்டாம். கப்பை எவன் தூக்குறானோ அவன் பக்கம் ஜெயிச்ச கணக்கு. பிரான்ஸ் தோத்தா என் கையால இந்த சந்துக்கே வஞ்சிரம் குழம்பு வைக்கிறேன்..."*
ஓகே மாமா. அர்ஜென்டினா தோத்தா நானும் டில்லியும் ரெண்டு கிலோ மட்டன் பிரியாணி. வெங்காயம் உரிக்கறதுலேந்து நாங்கதான்

டில்லி: என்னை எதுக்குடா இழுக்கற

ரமேஷ் சாமி: சாமியே சரணம். மாலை போட்டவன் ஒருத்தன் இந்த குரூப்ல இருக்கேன். மார்கழி வேற பொறந்திடுச்சு. மீனு, மட்டன்னு டைப் பண்றப்ப கொஞ்சம் யோசிங்க

ஸ்டெல்லா அக்கா: சாரி சாமி. சரி, தோத்தவங்க 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை சமைக்கணும். அன்னிக்கு கிறிஸ்துமஸ், நான் அடுப்புப் பக்கமே போகப்போறதில்ல. கேக்கும் கல்கலாவும் என் கணக்கு

வசந்தா அத்தை: எனக்கு இவரு தோத்தாலும் சந்தோஷம், ஜெயிச்சாலும் சந்தோஷம். எப்படியும் அன்னிக்கு நான் சமைக்கல

*18 டிசம்பர், ஞாயிறு, இரவு 8:53*

டில்லி: ஸ்டெல்லாக்கா உங்க வீட்டுல யாரோ கத்தறாங்க!! என்னாச்சு?

ஸ்டெல்லா அக்கா: பெனால்டி. மெஸ்ஸி. கோல்

டில்லி: எனக்கு இன்னும் பெனால்டியே குடுக்கல. ஆப் சுத்திகிட்டு இருக்கு

கார்த்தி: கேபிள் வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு வாயில துணி வச்சுக்கங்க

*இரவு 9:06*

டில்லி: மறுபடியும் கத்தறாங்க

ஸ்டெல்லா அக்கா: இப்ப பாக்கப்போற பாரு. டி மரியா. நான் ஒண்ணும் சொல்லல

கார்த்தி: 2-0!!!! மாமா எங்க?

கார்த்தி: மாமா?

வசந்தா அத்தை: சோபால உக்காந்து ஃபேனைப் பாத்துகிட்டு இருக்காரு

ஜாஃபர் பாய்: ஹாஃப் டைம் கூட ஆகல, ரெண்டு பேரை வெளிய எடுத்துட்டான் பிரான்ஸ் கோச். ஜிரூவையே எடுத்துட்டான். நம்ம முல்லை நகர் கிரவுண்டுல இப்படிப் பண்ணா அந்தப் பையன் வீட்டுலேந்து ஆளு வருவாங்க

*இரவு 10:05*

சேகர் மாமா: காலையில சீக்கிரம் எழணும். நான் படுக்கப்போறேன். எல்லாரும் நல்லா இருங்க.

கார்த்தி: வஞ்சிரம் நடுத்துண்டா வாங்குங்க மாமா. குட் நைட் 😘

*இரவு 10:15*

சேகர் மாமா: எம்பாப்பே

சேகர் மாமா: எம்பாப்பே!!!

சேகர் மாமா: ஒரு நிமிஷத்துல ரெண்டு

சேகர் மாமா: ரெண்டாவது கோலைப் பாத்தீங்களா பந்து கீழ விழறதுக்குள்ள அடிச்சான்

சேகர் மாமா: டேய் கார்த்தி

சேகர் மாமா: வெங்காயம் உரிக்கப் பழகு

வசந்தா அத்தை: கட்டில்லேந்து குதிச்சாரு. இடுப்பைப் புடிச்சுகிட்டு நிக்கறாரு

நிவி: ஆயா தூக்கத்துலேந்து எழுந்து சுனாமியான்னு கேக்குது

டில்லி: டி மரியாவை எதுக்குடா வெளிய எடுத்தாங்க. எவன் எடுத்தான் அவனை

*இரவு 11:12*

கார்த்தி: மெஸ்ஸி 3-2ன்னு டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள 3-3 ஆயிடுச்சு. என் கை நடுங்குது

சேகர் மாமா: ஃபைனல்ல ஹாட்ரிக். 1966ல இங்கிலாந்து ஜெஃப் ஹர்ஸ்ட். அதுக்கப்புறம் இந்தப் பையன்தான். எழுதி வச்சுக்க.

ஜாஃபர் பாய்: கடைசி நிமிஷத்துல கோலோ முவானி அடிச்சதை அந்த அர்ஜென்டினா கோல்கீப்பர் கால நீட்டித் தடுத்தான் பாருங்க. எனக்குச் சம்பந்தமே இல்லாத மேட்ச், எனக்கு வேர்க்குது

*இரவு 11:25*

டில்லி: ஸ்டெல்லாக்கா வீட்டுல பட்டாசு வெடிக்கறாங்க!!!!!

டில்லி: அப்போ நாமதானே?? நாமதானே??

கார்த்தி: மோன்டியேல்!!!! பெனால்டி ஷூட்அவுட் 4-2!!!! 🇦🇷🇦🇷🇦🇷

கார்த்தி: மாமா வாங்க. மாமா வெளிய வாங்க

*சேகர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

கார்த்தி: என்ன டிலீட் பண்ணீங்க?

டில்லி: நேத்து போட்ட மெசேஜ்! பந்தய மெசேஜைத் தூக்கிட்டாரு!

*19 டிசம்பர், திங்கள், காலை 7:10*

சேகர் மாமா: காலை வணக்கம். அர்ஜென்டினாவுக்கு வாழ்த்துகள். ஆனால் ஒரு சின்ன விஷயம். மேட்ச் 3-3. பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போன மேட்ச் ரெக்கார்டுல டிரான்னுதான் பதிவாகும். பிரான்ஸ் தோத்தான்னு எங்கயும் எழுதமாட்டாங்க. ஆகவே பந்தயமும் டிரா. யாரும் சமைக்க வேண்டாம்.

கார்த்தி: யோவ் மாமா

ஜாஃபர் பாய்: சொல்றது சரிதான்பா, கணக்குல டிராதான் அது. அந்தக் கணக்குப்படி பிரேசிலும் குரோஷியாகிட்ட தோக்கல. மாமா நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்

ஸ்டெல்லா அக்கா: பாய் நீங்க சும்மா இருங்க. அண்ணே, பந்தயம் என்னன்னு போட்டீங்க?

சேகர் மாமா: பிரான்ஸ் தோத்தா என்றுதான் சொன்னதாக ஞாபகம். எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லை.

கார்த்தி: மேல போய்ப் பாருங்க. என் ரிப்ளை. நீங்க டிலீட் பண்ணாலும் நான் மேற்கோள் காட்டினது அப்படியே நிக்குது

கார்த்தி: "கப்பை எவன் தூக்குறானோ அவன் பக்கம் ஜெயிச்ச கணக்கு." கப்பை யாரு மாமா தூக்கினாங்க? கத்தார் ராஜா போத்திவிட்ட கறுப்பு அங்கி எல்லாம் போட்டுகிட்டு?

நிவி: 😂😂😂

சேகர் மாமா: இந்த வாட்ஸ்அப்பை யார்தான் கண்டுபிடிச்சாங்களோ.

வசந்தா அத்தை: இருபத்தஞ்சாம் தேதிக்கு மண்சட்டி எடுத்து வச்சிருக்கேன். சரியா விளக்கட்டும்னு சொல்லிடுங்க உங்க மாமாகிட்ட

*25 டிசம்பர், ஞாயிறு, காலை 6:20*

ஸ்டெல்லா அக்கா: எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் 🎄 சேகர் அண்ணே எங்க?

வசந்தா அத்தை: காசிமேடு போயிருக்காரு. அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாரு. கூட யாரும் வரக்கூடாதுன்னு உத்தரவு

சேகர் மாமா: 📷 போட்டோ

சேகர் மாமா: வஞ்சிரம். மூணு கிலோ. பண்டிகை நாள், வாயில வந்த விலை சொல்றான். பேசி முடிச்சேன்.

டில்லி: மாமா துண்டு ஏன் இவ்ளோ செவப்பா இருக்கு?

சேகர் மாமா: ஃபிரெஷ்ஷா இருந்தா அப்படித்தான்.

ஸ்டெல்லா அக்கா: அண்ணே, வஞ்சிரம் வெட்டினா வெள்ளையா இருக்கும். மாட்டுக்கறி கலர்ல இருக்கறது சூரை

சேகர் மாமா: சூரையும் மீனுதானே? வஞ்சிரம்னு எங்க இருக்கு?

கார்த்தி: 📷 *அன்னிக்கு என் ரிப்ளைல நிக்கற உங்க வரி: "...இந்த சந்துக்கே வஞ்சிரம் குழம்பு வைக்கிறேன்..."*
இங்க இருக்கு

நிவி: ஆயா வாய்ஸ் அனுப்ப சொல்லுது, நான் டைப் பண்றேன். "சூரைய நல்லா உப்பு மஞ்சள் போட்டுக் கழுவணும், ரத்தம் போக நாலு தண்ணி. குழம்புக்கு அது ஒண்ணும் கொறைஞ்சதில்ல. விடுங்கடா அவனை"

*காலை 10:30*

சேகர் மாமா: புளி எவ்வளவு?

ஸ்டெல்லா அக்கா: மூணு கிலோக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் அளவு

சேகர் மாமா: எந்த எலுமிச்சம்பழம்? ஊறுகாய்க்குப் போடறதா, திருஷ்டிக்கு வைக்கறதா?

வசந்தா அத்தை: நான் வாயத் தொறக்கமாட்டேன். வாக்கு குடுத்திருக்காரு

சேகர் மாமா: நல்லெண்ணெய் ஊத்தியாச்சு. வெந்தயம் போட்டாச்சு. போன்ல இதை டைப் பண்றதுக்குள்ள கறுப்பா ஆயிடுச்சு. பரவாயில்லையா?

நிவி: ஆயா கத்துது. "பரவாயில்லையாவது! கசக்கும்டா. எறக்கிக் கொட்டிட்டு முதல்லேந்து ஆரம்பி"

கார்த்தி: எக்ஸ்ட்ரா டைம்

சேகர் மாமா: ரெண்டாவது தடவை. வடகம் போட்டுத் தாளிச்சிருக்கேன், பாண்டிச்சேரி மாமியார் வீட்டு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் வதங்கிடுச்சு. தூள் எத்தனை கரண்டி?

ஸ்டெல்லா அக்கா: எந்தக் கரண்டி வச்சிருக்கீங்கன்னு போட்டோ போடுங்க முதல்ல

சேகர் மாமா: 📷 போட்டோ

ஸ்டெல்லா அக்கா: அண்ணே அது சாம்பார் கரண்டி!!! கீழ வைங்க அதை

ரமேஷ் சாமி: சாமியே சரணம். பம்பைல க்யூல நிக்கறேன். இப்பதான் சிக்னல் வந்துச்சு. குரூப்பைத் தொறந்தா 94 மெசேஜ், எல்லாம் மீனு. இருமுடி தலைல இருக்குய்யா

ஜாஃபர் பாய்: கண்ணை மூடிக்கோங்க சாமி. மியூட் போட்டுடுங்க

சேகர் மாமா: புளித்தண்ணி ஊத்தி பத்து நிமிஷமா கொதிக்குது. மீனைப் போடலாமா?

நிவி: ஆயா: "எண்ணெய் மேல மெதந்து நிக்குதா பாரு. நின்னப்புறம் போடு. போட்டப்புறம் கரண்டி விட்டுக் கிண்டினே, மீனு எல்லாம் தூளாயிடும். சட்டிய ரெண்டு கையால புடிச்சு சுத்தி விடு"

சேகர் மாமா: சட்டி சுடுது.

நிவி: ஆயா: "சுடாம?"

*மதியம் 1:15*

டில்லி: வாசனை எங்க வீட்டு வரைக்கும் வருது. நெசமாவே நல்லாத்தான் வருது

ஜாஃபர் பாய்: சாப்பிட்டுட்டேன். உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். மத்தபடி, சேகரு, நாற்பது வருஷமா ஏன்யா நீ சமைக்கல

வசந்தா அத்தை: அதைத்தான் நானும் கேக்கறேன்

கார்த்தி: மாமா ஒத்துக்கறேன். சூரைன்னு தெரியாம குடுத்திருந்தா ரெண்டாவது தட்டு கேட்டிருப்பேன். தெரிஞ்சும் கேட்டுட்டேன்

சேகர் மாமா: நன்றி. இதோடு கணக்கு முடிந்தது. மீன் குழம்பு நாளைக்குத்தான் ருசி, கொஞ்சம் மிச்சம் வைங்க.

*மதியம் 2:40*

வசந்தா அத்தை: 📷 போட்டோ

வசந்தா அத்தை: ஐஸ் எடுக்கலாம்னு ஃப்ரீசரைத் தொறந்தேன். பட்டாணி பாக்கெட்டுக்குக் கீழ இது இருக்கு. ஆறு துண்டு. வெள்ளையா இருக்கு

ஸ்டெல்லா அக்கா: அது வஞ்சிரம்!!!

கார்த்தி: மாமா

டில்லி: மாமா

ஜாஃபர் பாய்: சேகரு 🤦

சேகர் மாமா: தப்பா நினைக்காதீங்க. அது ரமேஷ் சாமி மலைக்குப் போய்ட்டு வந்து மாலை கழட்டினதும் வறுத்துக் குடுக்கலாம்னு எடுத்து வச்சது.

ஸ்டெல்லா அக்கா: தோசைக்கல்லு எடுத்துகிட்டு வரேன். யாரும் அந்த ஃப்ரீசரை மூடாதீங்க

*சேகர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

ரமேஷ் சாமி: ↩ *சேகர் மாமா: "தப்பா நினைக்காதீங்க. அது ரமேஷ் சாமி மலைக்குப் போய்ட்டு வந்து மாலை கழட்டினதும் வறுத்துக் குடுக்கலாம்னு..."*
சாமியே சரணம். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துட்டேன் மாமா. புதன்கிழமை ஊருக்கு வரேன். ஆறும் அப்படியே இருக்கணும்