இரவு இரண்டு மணிக்கு எங்கள் கேமரா யாருக்குப் படம் அனுப்புகிறது?

சந்தேகப்பிராணி:
கூடத்தில் கேமரா வைத்து நான்கு மாதம் ஆகிறது. அப்பா இரண்டு முறை தவறி விழுந்த பிறகு, வேலை நேரத்தில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கியது. சென்ற வாரம் வேறு ஏதோ காரியமாக ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தபோதுதான் கவனித்தேன். தினமும் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் அந்தக் கேமரா சுமார் 40 எம்பி வெளியே அனுப்புகிறது. அந்நேரம் நாங்கள் எல்லோரும் உறக்கத்தில் இருக்கிறோம். அசைவு அறிவிப்பை முதல் நாளே அணைத்துவிட்டேன். மெமரி கார்டும் போட்டிருக்கிறேன். பதிவெல்லாம் அதில்தான் சேர்கிறது என்று நம்பியிருந்தேன்.

அப்பா தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவர். ஒரு காலத்தில் அவருக்கு வரும் கடிதங்கள் பிரித்து ஒட்டிய உறையில்தான் வருமாம். விஷயத்தைச் சொன்னதும், “இன்னும் என்னை மறக்கவில்லை போலிருக்கிறது” என்றார். குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கேமராவின் மேல் அவருடைய துண்டு கிடக்கிறது.

உண்மையிலேயே யாராவது பார்க்கிறார்களா என்று கண்டுபிடிப்பது எப்படி? அதே கூடத்தில் இருக்கும் டிவியிலும் ஒரு கேமரா உண்டு. அணைத்து வைத்த டிவி பார்க்குமா?

மின்கம்பி:
முதலில் ஒரு கணக்கு. சாதாரணமாக இந்தக் கேமராக்கள் நேரலைக்கு விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் அனுப்பும். யாராவது ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் 900 எம்பி போயிருக்க வேண்டும். உங்களுடைய 40 எம்பி மூன்று நிமிடத்துக்கும் குறைவான காணொளி. ஆகவே இது உட்கார்ந்து வேவு பார்க்கிற கண் இல்லை. எதையோ கண்டு துண்டு துண்டாகப் பதிவு செய்து அனுப்புகிறது. செயலியில் ‘நிகழ்வுகள்’ போன்ற பக்கம் இருந்தால் அந்த நேரத்துக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். சந்தா என்ற பக்கத்தையும் பாருங்கள். அறிவிப்பை அணைப்பதும் பதிவை அணைப்பதும் பல செயலிகளில் வெவ்வேறு பொத்தான்கள்.

பழைய ரேடியோ:
கணக்கெல்லாம் சரி. ஆனால் அப்பா சொல்வதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். பிரிட்டனின் ஜிசிஎச்கியூ உளவு அமைப்பு யாஹூ வெப்கேம் உரையாடல்களிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்துச் சேர்த்து வைத்தது. 2008இல் ஆறே மாதத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள். பெரும்பாலானவர்கள் எந்தக் குற்றத்திலும் சந்தேகிக்கப்படாதவர்கள். அமெரிக்க உளவுத்துறையில் வேலை பார்த்த ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வழியாக 2014இல்தான் இது ஊருக்குத் தெரிந்தது. டிவி விஷயத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ 2017இல் மாட்டிக்கொண்டது. சாம்சங் டிவியை அணைந்தது போல் நடிக்க வைத்து, அதன் மைக் வழியாக அறையில் பேசுவதைப் பதிவு செய்யும் கருவி அவர்களிடம் இருந்தது. துண்டு போட்ட பெரியவர் விவரமானவர்.

மின்கம்பி:
இரண்டும் உண்மை. ஆனால் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. அந்த டிவி கருவியை, வெளியான ஆவணங்களின்படி, யாராவது வீட்டுக்குள் வந்து யுஎஸ்பி வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. ஒருவரைக் குறிவைத்துச் செய்கிற வேலை அது. ஊர் முழுவதற்கும் செய்ய முடியாது. யாஹூ விஷயம் நேர்மாறு. எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை; படம் கம்பியில் போகும்போது வழியிலேயே அள்ளினார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் படம் வீட்டை விட்டு ஏன் வெளியே போகிறது என்பதுதான்.

சந்தேகப்பிராணி:
கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கேமராவை முதலில் இணைத்தபோது ‘இலவசச் சேமிப்பு’ என்று ஒன்று தானாகவே தொடங்கியிருக்கிறது. எதற்கோ ‘சரி’ என்று அழுத்தியிருப்பேன். அசைவு கண்டால் பத்து விநாடி பதிவு செய்து நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. நான் அணைத்தது போனில் வருகிற மணியோசையை மட்டும்தான். நிகழ்வுகள் பக்கத்தில் நான்கு மாத இரவுகளும் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் அப்பாதான். இரண்டு மணிக்கு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறார், திரும்பி வருகிறார். சில இரவுகளில் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுகிறார். இது எங்கள் யாருக்கும் தெரியாது.

அரசாங்கம் இல்லை என்று நிம்மதி அடைவதா, முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்திடம் இவையெல்லாம் கிடக்கின்றன என்று பதறுவதா?

தாழ்ப்பாள்:
பதறுவதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கம் வேறு, நிறுவனம் வேறு என்று பிரித்துக்கொண்டு நிம்மதி அடைய வேண்டாம். சர்வரில் இருப்பதை வாங்க எந்த அரசும் உங்கள் கேமராவை உடைக்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு போதும். உத்தரவே இல்லாமலும் நடந்திருக்கிறது. அமேசானின் ரிங் கேமராப் பதிவுகளை அவசரநிலை என்ற காரணத்தில், உரிமையாளரின் சம்மதமும் நீதிமன்ற ஆணையும் இல்லாமல், அந்த ஆண்டில் 11 முறை காவல்துறையிடம் கொடுத்ததாக அந்த நிறுவனமே 2022 ஜூலையில் அமெரிக்க செனட்டர் ஒருவருக்கு எழுதியது. அதே ரிங்கின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கப் பதிவுகளைப் பார்த்தார்கள் என்ற வழக்கு 2023இல் 58 லட்சம் டாலரில் முடிந்தது. என்னைக் கேட்டால், முகம் தெரியாத உளவாளியைவிட, அலுவலகத்தில் பொழுது போகாத ஊழியரை நினைத்துத்தான் பயம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சேமிப்பை நிறுத்துவதற்கு முன் பழைய பதிவுகளை அழியுங்கள். நிறுத்திய பிறகு அந்தப் பக்கமே காணாமல் போய்விடலாம். பதிவுகள் அங்கேயே இருக்கும். பிறகு கணக்கையும் நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேமராவின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப்போட்டது, தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான்.

அதன் பிறகு ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கு மட்டும் இணையத்தைத் தடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் ஓடும், கார்டில் பதியும். கார்டு நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும்படி வைத்தால் சில நாள் பதிவுக்கு மேல் சேராது. வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரிலேயே விபிஎன், அதாவது வீட்டு வலையமைப்புக்குள் வரும் பூட்டிய பாதை, இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் வழியாக வீட்டுக்குள் வந்து பாருங்கள்.

பழைய ரேடியோ:
டிவி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேமராவுக்கு மூடி இருந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுநாடா. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமியே தம் மடிக்கணினிக் கேமராவில் ஒட்டி வைத்திருந்ததாக 2016இல் சொன்னார். விளக்கு எரியவில்லையே என்று நம்பாதீர்கள். பழைய மேக்புக்குகளில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் செய்து காட்டினார்கள். ஒட்டுநாடா காதை அடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். டிவி பார்க்காத நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதுதான் சுலபம்.

மின்கம்பி:
அழுகிற விஷயத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரவுட்டரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சந்தேகப்பிராணி:
உண்மைதான். அன்று இரவு இரண்டு மணிக்கு நானும் எழுந்து உட்கார்ந்தேன். கேமரா இதையெல்லாம் படம் பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொன்னபோது கோபப்படவில்லை. “கடிதத்தைப் பிரிப்பவன் அதைப் படித்தாவது பார்ப்பான்” என்றார். முழங்கால் வலியாம். மருத்துவரிடம் போய் வந்தோம்.

பதிவுகளை அழித்தேன், சேமிப்பை நிறுத்தினேன், இணையத்தைத் தடுத்தேன். விபிஎன் வேலை செய்கிறது. கேமராவை அவரே சொல்லி மாடிப்படி பக்கம் திருப்பி வைத்தோம். நாற்காலி இப்போது அதில் விழாது. ஒரே ஒரு சிக்கல். நேற்று மின்சாரம் போய் வந்ததிலிருந்து பதிவுகளில் தேதி 1970 ஜனவரி 1 என்று விழுகிறது. அப்பா பார்த்துவிட்டு, “அந்த வருடம் நான் இப்படியா நடந்தேன்?” என்கிறார்.

மின்கம்பி:
தடுத்ததன் விளைவுதான். மின்சாரம் போனால் கேமரா நேரத்தை மறந்துவிடும், இணையத்தைக் கேட்டுத்தான் மறுபடி தெரிந்துகொள்ளும். கேமராவின் அமைப்பில் நேர சர்வர் என்று ஓர் இடம் இருந்தால் அதில் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல ரவுட்டர்கள் நேரம் சொல்லும். அது முடியாவிட்டால் தடையில் 123ஆம் போர்ட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். நேரம் கேட்பதற்கான வழி அது.

சந்தேகப்பிராணி:
ரவுட்டர் முகவரியைக் கொடுத்ததும் தேதி சரியாகிவிட்டது. நேற்று இரவு வெளியே போனது பூஜ்யம். துண்டு மட்டும் இப்போது டிவி மேல் இருக்கிறது.