உடுத்திய பட்டுப் புடவைகளைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்குமா?

கோத்தகிரி ஆசிரியை:
பணி ஓய்வுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தபோது, ஓரிரு கல்யாணங்களுக்கு மட்டுமே உடுத்திய 11 பட்டுப் புடவைகளும், என் கணவரின் இரண்டு கோட்டு சூட்டுகளும், மகள் தன் திருமணத்தன்று அணிந்த வெள்ளைக் கவுனும் இருந்தன. இவற்றைக் குன்னூரில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். அமெரிக்காவில் வசிக்கும் மகள், அங்கே பழைய உடைகளைக் கொடுத்து ரசீது பெற்று வரியில் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். நானும் இவற்றுக்கு ஒரு விலை மதித்து, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவில் காட்டலாமா? இத்தகைய கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரி முறையிலேயே கணக்குத் தாக்கல் செய்கிறேன்.

ஊட்டி கணக்காளர்:
அம்மா, காட்ட முடியாது. 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, பணமாகத் தரப்படும் நன்கொடைக்கு மட்டுமே கழிவு தருகிறது. துணி, அரிசி, கம்பளி என்று பொருளாகக் கொடுத்தால், நிறுவனம் முத்திரையிட்டு ரசீது தந்தாலும் அது செல்லாது. உங்கள் மகள் சொல்வது அந்த நாட்டுச் சட்டம். அங்கேயும் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் காட்டுபவர்களுக்கே அது உண்டு. வாங்கிய விலையை அல்ல, பழைய துணியாக இன்று போகக்கூடிய விலையைத்தான் காட்ட வேண்டும், பொருள்களின் மொத்த மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் 8283 என்ற படிவமும் வேண்டும்.

கழிவும் வேண்டுமென்றால், நல்ல புடவைகளை விற்று, வரும் தொகையை 80ஜி அங்கீகாரம் உள்ள நிறுவனத்துக்குக் கொடுங்கள். உடுத்தும் துணி சொந்த உபயோகப் பொருள் என்பதால், அதை விற்பதில் மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) எழாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்பி, நன்கொடை பெற்றதற்கு நிறுவனம் தரும் 10பிஇ சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

குன்னூர் துணி சேகரிப்பவர்:
எங்கள் மாதா கோயிலில் பல ஆண்டுகளாகத் துணி பிரிக்கும் வேலையைச் செய்கிறேன். நம் மலையில் மழைக்காலம் முழுவதும் மூடியே கிடந்த பட்டு, வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், மடிப்பை விரித்தால் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகளும் கறுத்த சரிகையும் இருக்கும். சில புடவைகள் மடித்த கோட்டிலேயே நூல் விட்டுப்போய், கை பட்டதும் கிழிந்துவிடும். ஒவ்வொன்றையும் முழுவதுமாக விரித்து, நிழலில் காற்றாட விட்டு, அந்துருண்டை வாசம் போனபின் கொடுங்கள். கூடவே ரவிக்கைகளும் கொடுத்தால், உள்ளே தையலுக்குத் தாராளமாகத் துணி விட்டிருந்தால் பெறுபவர் அதைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ள முடியும். அந்த வெள்ளைக் கவுனைத்தான் முதலில் கேட்பார்கள், அம்மா. வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண்கள் அதை ஒருவருக்குப் பின் ஒருவராக அணிந்துகொள்வார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. விரித்துப் பார்த்ததில் மூன்று புடவைகள் மடிப்பில் நூல் விட்டுப்போயிருக்கின்றன. நன்றாக உள்ளவற்றில் இரண்டை விற்றுப் பணமாகத் தருகிறேன். மற்றவற்றையும் சூட்டுகளையும் கழிவை எதிர்பாராமல் அப்படியே கொடுத்துவிடுகிறேன். கவுனை மட்டும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டபின் கொண்டுவருகிறேன்.